பேரைக் கேட்டு எழுதுங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

 

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். கல்யாணமாகி மணவாள நகருக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகள். எங்கள் குழுவில் தீர்மானப் புத்தகம் எழுதுவது நான்தான். கையெழுத்து குண்டு குண்டா இருக்குதுன்னு சொல்லி என் தலையில கட்டிட்டாங்க. அந்தப் புத்தகத்தால்தான் இன்றைக்கு இந்த மேடையில் நிற்கிறேன்.

"எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் குழு" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். பெரிய பெரிய வார்த்தை சொல்ல எனக்குத் தெரியாது. நான் செய்த இரண்டு தப்பைச் சொல்கிறேன். அதைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

முதல் தப்பு, தீர்மானப் புத்தகத்தில் எழுதினது.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு திருநங்கை குடியிருக்கிறார். பேரை இங்கே சொல்ல மாட்டேன். சொல்லணும்னா அவங்களே ஒருநாள் இந்த மேடை ஏறிச் சொல்லட்டும். காலையில் இட்லி, சாயந்திரம் போண்டா போட்டு விற்கிறார். வட்டிக்காரரிடம் வாங்கி வாங்கி, நாள் வட்டி கட்டியே கை ஓய்ந்துபோய், ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அக்கா, உங்க குழுவுல என்னையும் சேத்துப்பீங்களா?" என்று கேட்டார்.

அந்த வாரக் கூட்டத்தில் சொன்னேன். ஒரே சத்தம். "இது பொம்பளைங்க குழுடி, அது எப்படி?" என்றார் ஒருத்தர். "ரயில்ல கை தட்டிக் காசு கேக்கறவங்கதானே?" என்றார் இன்னொருத்தர். "பேங்க்குல ஒத்துக்க மாட்டாங்க" என்றார் மூன்றாமவர். பேங்க்கில் யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்காமலே பதில் வந்துவிட்டது. எங்கள் ஊக்குநர் அக்கா மட்டும், "வந்து உக்காரட்டும், பேசிப் பாக்கலாம்" என்றார்.

மறு வாரம் வந்து உட்கார்ந்தார். நான் தீர்மானம் எழுத ஆரம்பித்தேன். பேர், கணவர் அல்லது தந்தை பேர், முகவரி. பேர் எழுதுகிற இடத்தில், எனக்குத் தெரிந்த மரியாதையான வார்த்தை என்று நினைத்து, "அரவாணி" என்று எழுதி, அதுக்கு அப்புறம் அவங்க பேரை எழுதினேன். அவங்க எட்டிப் பார்த்தாங்க. "அக்கா, உங்க பேருக்கு முன்னாடி என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாங்க. "ஒண்ணும் இல்லையே, பேருதான்" என்றேன். "அப்ப எனக்கும் பேரு மட்டும் எழுதுங்க அக்கா. என் பேரு எனக்கே தெரியும், அது போதும்" என்றாங்க.

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் முகம் சுண்டிப்போச்சு. அந்த வரியை அடித்துவிட்டுக் கீழே மறுபடி எழுதினேன். அடித்த கோடு இன்றைக்கும் புத்தகத்தில் இருக்கிறது.

இங்கே உட்கார்ந்திருக்கிற நமக்குப் பேர் வைக்கப்படுவது புதுசா? புருஷன் விட்டுட்டுப் போனால் வாழாவெட்டி. குழந்தை பிறக்கவில்லையென்றால் மலடி. புருஷன் செத்தால் இன்னொரு பேர், அதை நான் இந்த மேடையில் சொல்ல மாட்டேன். சபையில் குங்குமச் சிமிழ் நம்மைத் தாண்டிப் போனதை நாம் மறந்துவிட்டோமா? 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாட்டின் முதல் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தபோது, நம்மைப் போல ஏழைப் பெண்கள்தான் தரையில் வட்டமாக உட்கார்ந்து சில்லறைக் காசைச் சேர்த்தார்கள். அந்த வட்டத்தில் உட்கார்ந்தவளுக்கு வெளியே வைத்த பேர் உள்ளே செல்லாது. அதுதானே குழு?

அப்புறம்தான் இந்தப் பேர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். அவங்களிடமே கேட்டேன், பேப்பர் படித்தேன், என் மகளை விட்டு போனில் தேடச் சொன்னேன்.

2008 ஏப்ரல் 15-ந் தேதி தமிழ்நாடு அரசு இவர்களுக்கென்று ஒரு நல வாரியம் ஆரம்பித்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். அப்போது அதுக்கு அரவாணிகள் நல வாரியம் என்றுதான் பேர். கூவாகத்தில் சித்திரை மாதம் அரவான் திருவிழாவில் தாலி கட்டிக்கொள்கிறவர்கள் என்பதால் வந்த பேர் அது. ஆனால் எல்லோரும் கூவாகம் போகிறவர்கள் இல்லை. அந்தச் சாமியைக் கும்பிடாதவர்களும் உண்டு, வேறு மதத்தில் இருக்கிறவர்களும் உண்டு. அதனால் திருநங்கை என்கிற பேர் நிலைத்தது. வாரியத்தின் பேரும் மாறியது. அந்த ஏப்ரல் 15-ஐத்தான் திருநங்கையர் நாள் என்று கொண்டாடுகிறார்கள்.

2014-ல் அதே ஏப்ரல் 15-ந் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒருவர் தன்னை ஆண் என்று சொல்வதா, பெண் என்று சொல்வதா, மூன்றாம் பாலினம் என்று சொல்வதா என்பதை அவரே சொல்லலாம், அதுக்கு ஆபரேஷன் செய்திருக்கவேண்டும் என்று யாரும் கேட்கக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பு.

இன்னொன்று நம்ம தமிழ்நாட்டு வழக்கு. தூத்துக்குடியில் அருண்குமார் என்பவரும் ஸ்ரீஜா என்கிற திருநங்கையும் 2018-ல் கோவிலில் கல்யாணம் செய்துகொண்டார்கள். பதிவு செய்யப் போனபோது மறுத்துவிட்டார்கள். சட்டத்தில் "மணமகள்" என்று போட்டிருக்கிறதே, இவர் எப்படி மணமகள் ஆவார் என்றார்கள். 2019 ஏப்ரல் 22-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்புச் சொன்னது. இதைப் படித்தபோது எங்கள் குழுச் சண்டைதான் ஞாபகம் வந்தது. "இது பொம்பளைங்க குழு, அது எப்படி?" என்று நாங்கள் கேட்டதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? மணமகள் என்கிற வார்த்தையில் இடம் இருந்தால், மகளிர் என்கிற வார்த்தையில் இடம் இருக்காதா? டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லாத மாதிரி திருநங்கைகளுக்கும் இல்லை. பஸ்ஸில் கிடைத்த இடம் எங்கள் குழுவில் கிடைக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

சேர்த்துக்கொண்டோம். இன்றைக்கு வரைக்கும் சேமிப்பும் உள்கடனும் தவறாமல் கட்டுகிறார். தவறாமல் கட்டுவதால்தான் அவருக்கு இடம் என்று நினைத்துவிடாதீர்கள். நம்மில் தவணை தவறாதவர் யார்? நானே இரண்டு மாதம் பாக்கி வைத்திருக்கிறேன். தவறினாலும் மற்றவர்களைப் போல அவரும் உறுப்பினர்தான்.

இதோடு முடிந்திருந்தால் நான் பெருமையாக இறங்கிப் போயிருப்பேன். இரண்டாவது தப்பு, என் சொந்தக் குடும்பத்தில் செய்தது.

என் பெரியக்காவைக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கொடுத்திருக்கிறது. அக்காவுக்கு ஒரு பிள்ளை. பெண் குழந்தையென்று பேர் வைத்து, காது குத்தி, சடங்கு சுற்றி வளர்த்தோம். அந்தப் பிள்ளை எட்டாவதிலிருந்தே முடியை வெட்டிக்கொண்டு, அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு திரியும். நாங்கள் சிரிப்போம். ஐடிஐ படித்து அங்கே ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனபிறகு, ஒருநாள் அக்காவிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கிறது: "அம்மா, நான் பொண்ணு இல்ல. சின்ன வயசுலேருந்தே இல்ல." அக்கா எனக்குப் போன் போட்டு அழுதாள். குழுவில் திருநங்கையைச் சேர்த்தவள் என்று பேரெடுத்த நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கம்பெனில யாரோ கெடுத்து வெச்சிருக்காங்க. ஒரு கல்யாணத்தைப் பண்ணு, எல்லாம் சரியாப் போயிடும்" என்றேன்.

என் வாயால் சொன்னதுதான். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வேலையை நிறுத்தினார்கள். போனைப் பிடுங்கினார்கள். பூ வைக்கிற நாள் குறித்துவிட்டார்கள். அதுக்கு நாலு நாள் முன்னே, ராத்திரி பதினோரு மணிக்கு என் வீட்டுக் கதவு தட்டுகிற சத்தம். கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, சென்ட்ரல் வந்து, வண்டி மாறி, திருவள்ளூரில் இறங்கி நடந்தே வந்திருக்கிறது. கையில் ஒரு துணிப்பை. "சித்தி, உன் குழுவுல அவங்களச் சேத்தல்ல, அதான் உங்கிட்ட வந்தேன். நீயும் வேணாம்னா சொல்லிடு, நான் வேற எங்கயும் போகல, தண்டவாளத்துக்கே போறேன்" என்றான்.

அவன் என்றுதான் இனிமேல் சொல்லப்போகிறேன். அவன்தான்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. கல்யாணம் பண்ணு என்று சொன்னதே நான்தான் என்று அவனுக்குத் தெரியாது. விடிந்ததும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. டீயைக் குடித்துவிட்டு, "இப்பவாவது அம்மாகிட்ட வேற மாதிரி சொல்லு" என்றான்.

எனக்கு விவரம் தெரிந்த ஒரே ஆள் எங்கள் குழுவில் இருக்கிற அந்தத் திருநங்கைதான். அவங்க வந்தால் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும் என்று கூப்பிட்டேன். வந்தாங்க. அவனைப் பார்த்தாங்க. பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னாக்கா, பொண்ணாப் பொறக்கறதுக்கு நாங்க தவம் கெடக்கறோம். கடவுளாக் குடுத்ததை வேணாங்குது இந்தப் பொண்ணு. புத்தி சொல்லுங்க" என்றாங்க.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவங்களுமா? எந்த வார்த்தையை எங்கள் கூட்டத்தில் கேட்டு முகம் வாடினாங்களோ, அதே வார்த்தையை இன்னொருத்தனுக்குச் சொல்றாங்களே? ஆனால் கோபப்பட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? நான் சொன்னதைத்தானே அவங்களும் சொன்னாங்க.

அவன் உள்ளேயிருந்து கேட்டுவிட்டான். வெளியே வந்து நின்றான். "அக்கா, உங்க வீட்டுல உங்களத் துரத்தும்போது போறதுக்கு ஒரு ஜமாத் இருந்துச்சு. மகள்னு சொல்லிக்க ஒரு அம்மா கெடச்சாங்க. எனக்கு எங்க இருக்குது? உங்களை வெளிய துரத்துனாங்க. எங்கள உள்ள வெச்சுப் பூட்டுறாங்க" என்றான்.

அவங்க கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாங்க. பிறகு, "சாப்டியா?" என்று கேட்டாங்க. வீட்டுக்குப் போய் இட்லி எடுத்துக்கொண்டு வந்தாங்க. இரண்டு பேரும் சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்போது அவங்க என்னிடம் சொன்னாங்க: "எனக்கு எல்லாக் கஷ்டமும் தெரியும்னு நெனச்சுக்கிட்டேன்க்கா. இவன் கஷ்டம் எனக்குத் தெரியல."

திருநம்பி. இதுதான் அவர்களுக்கான பேர். பெண் என்று சொல்லி வளர்க்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்ந்து வாழ்கிறவர். திருநங்கை என்ற பேர் நல்ல பேர்தான், போராடி வாங்கின பேர். ஆனால் எதற்கெடுத்தாலும் திருநங்கை, திருநங்கை என்றே சொல்லிக்கொண்டிருந்தால், திருநம்பி இருக்கிறார் என்பதே நமக்கு மறந்துபோகிறது. உடம்பு அமைப்பிலேயே ஆண் பெண் என்று பிரிக்க முடியாமல் பிறக்கிற இடைப்பாலினர் இருக்கிறார்கள். ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், அவர்களும் இருக்கிறார்கள். எல்லோரையும் சேர்த்துப் பால்புதுமையர் என்று சொல்கிறார்கள். ஒரே குடைதான். ஆனால் குடைக்குள்ளேயும் நடுவில் நிற்கிறவர் நனையமாட்டார், ஓரத்தில் நிற்கிறவர் நனைவார்.

புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். ஒரு பரிசோதனை செய்து, நீ பெண் இல்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். பெண்ணாகப் பிறந்தேன், பெண்ணாக வளர்ந்தேன், பெண்ணாக ஓடினேன் என்று நிற்கிறவருக்கு, யாரோ ஒரு காகிதத்தில் வேறு பேர் எழுதினார்கள். நான் தீர்மானப் புத்தகத்தில் எழுதினேனே, அதே மாதிரி. என்னுடையதை அடித்து எழுத முடிந்தது. அவருடையதை இன்னும் யாரும் அடித்து எழுதவில்லை.

தெரியாமல் செய்தோம் என்று சொல்லலாம். தெரியவில்லையென்றால் தெரிந்துகொள்ளலாம். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒருவரையொருவர் விரும்பின இரண்டு பெண்கள், வீட்டுக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்தவர்கள், பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியல் நிபுணரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதுக்கப்புறம்தான் அந்த ஜூன் 7-ந் தேதி உத்தரவு போட்டார். இப்படி வந்தவர்களைப் போலீசார் தொல்லை செய்யக்கூடாது என்றார். அதே வழக்கின் தொடர்ச்சியாகத்தான், இவர்களை மரியாதையாகக் குறிப்பிடும் தமிழ்ச் சொற்களை 2022-ல் அரசு அரசிதழில் வெளியிட்டது. உயர் நீதிமன்ற நீதிபதியே எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்றார். பத்தாவது படித்த நான் சொல்ல என்ன கூச்சம்?

பூ வைக்கிறது நின்றுபோனது. அக்காவிடம் நான் வேறு மாதிரி பேசினேன். ஒரு நாளில் மாறவில்லை. நாலு மாதம் ஆனது. "எனக்கு மகளும் இல்ல, மகனும் இல்லன்னு ஆயிடுமோன்னு பயந்தேன்டி" என்றாள். இப்போது அவன் வேறு ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். வாரத்துக்கு ஒருநாள் அம்மாவைப் பார்க்கப் போகிறான். மாமா இன்னும் அவனோடு பேசுவதில்லை. ஆனால் அவன் வருகிற நாளில் மீன் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறார். அதை நாங்கள் பேச்சு என்றுதான் கணக்கில் வைத்திருக்கிறோம்.

ஒருநாள் பெரிய மனசோடு அவனிடம் கேட்டேன். "டேய், உன்னையும் எங்க குழுவுல சேத்துடட்டா? நான் எல்லார்கிட்டயும் பேசறேன்" என்றேன். சிரித்தான். "சித்தி, அது மகளிர் குழு. நான் ஆம்பள. என்னை அங்க சேத்தா மறுபடியும் பொண்ணுன்னு எழுதுன மாதிரிதானே?" என்றான்.

அப்போதுதான் எனக்கு இரண்டும் சேர்ந்து விளங்கியது. அவங்களைக் குழுவில் சேர்த்தது சரி, ஏனென்றால் அவங்க பெண். இவனைச் சேர்க்காததும் சரி, ஏனென்றால் இவன் ஆண். சேர்த்துக்கொள்வது என்றால் எல்லோரையும் நம்ம பாத்திரத்தில் அள்ளி ஊற்றிக்கொள்வது இல்லை. நீ யார் என்று கேட்டு, அவர் சொன்ன பதிலை நம்பி, அதுக்கேற்ற இடத்தில் அவரோடு நிற்பது.

இந்தக் கூட்டமைப்பில் இருக்கிற எல்லாக் குழுவையும் நான் கேட்டுக்கொள்வது நாலே விஷயம்.

ஒன்று, திருநங்கை யாராவது குழுவில் சேர வந்தால், நம்மிடம் கேட்பதைத்தான் அவரிடமும் கேளுங்கள். பேர், முகவரி, எவ்வளவு சேமிக்க முடியும். அவ்வளவுதான். உடம்பைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை இல்லை. பேருக்கு முன்னே எதையும் எழுதாதீர்கள்.

இரண்டு, 2019 சட்டப்படி மாவட்ட ஆட்சியர் கையெழுத்தோடு அடையாளச் சான்றும் அட்டையும் கிடைக்கும். திருநங்கைக்கும் உண்டு, திருநம்பிக்கும் உண்டு. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். நாம் முதியோர் உதவித்தொகைக்கு எத்தனை பேருக்கு எழுதிக் கொடுக்கிறோம், அதுபோலத்தான்.

மூன்று, ஆணா பெண்ணா என்று தெரியாத உடம்போடு ஒரு குழந்தை நம் உறவில் பிறந்தால், உடனே வெட்டித் தைத்து ஒரு பக்கம் ஆக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். அதே 2019 மதுரைத் தீர்ப்பு, அந்த மாதிரிக் குழந்தைகளுக்கு இப்படி ஆபரேஷன் செய்யக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் தவிர கூடாது என்று தமிழ்நாடு அரசும் உத்தரவு போட்டிருக்கிறது. அந்தக் குழந்தை வளர்ந்து அதுவே சொல்லட்டும்.

நாலாவது, இதுதான் முக்கியம். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருநாள் வந்து, அம்மா, நான் நீ நினைக்கிற மாதிரி இல்லை என்று சொன்னால், அடிக்காதீர்கள். மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உங்கள் தங்கச்சியே சொன்னாலும் கேட்காதீர்கள். அந்தத் தங்கச்சி நானாக இருந்தேன். கதவைத் தட்டினது என் வீட்டுக் கதவு என்பதால் பிள்ளை பிழைத்தான். எல்லாப் பிள்ளைக்கும் ராத்திரி பதினோரு மணிக்குத் தட்ட ஒரு கதவு இருக்குமென்று சொல்ல முடியாது.

நான் இன்றைக்குப் பேசப்போகிறேன் என்று அவனிடம் சொன்னேன். "என் பேரைச் சொல்லாத, ஆனா என்னைச் சொல்லு" என்றான். சொல்லிவிட்டேன். அவங்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க, எங்கள் குழுவோடு, நம்ம எல்லோரையும் போல அதே நிறச் சேலையில். யார் என்று திரும்பிப் பார்க்காதீர்கள். சாப்பாட்டுப் பந்தியில் உங்கள் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தால், பேரைக் கேளுங்கள். சொல்வாங்க.